கசியாத கண்கள்

சங்கு ஊதியது.

பள்ளி வேன் அப்போதுதான் உப்பளப் பாலத்தில் ஏறியிருந்தது. ஆலைப் பக்கமிருந்து கிளம்பிய ஓலம் வெள்ளாத்துறை ஊரையே பிடித்து உலுக்கியது. தவசிமுத்து பிரேக்கை மிதித்தார். பின்னால் பிள்ளைகள் ஒருவர் மேல் ஒருவர் சரிந்தார்கள். யாரும் அழவில்லை. பள்ளியில் பயிற்சி கொடுத்திருந்தார்கள். ஜன்னல்கள் படபடவென்று சாத்தப்பட்டன. பைகளிலிருந்து முகக்கவசங்கள் வெளியே வந்தன.

"அங்கிள், இது நிஜ சங்கா, சும்மா சங்கா?"

"நிஜந்தான் போல. மாஸ்க்கை மூக்குக்கு மேல ஏத்துடே."

"யாரு கண்ணு அங்கிள்?"

"யாராவது அல்வா தின்னுருப்பாங்க," என்றாள் முன் இருக்கைச் சிறுமி, பெரிய மனுஷி தோரணையில். "சுகர்காரங்க வாயைக் கட்ட மாட்டாங்களாம். அவங்க தின்னா ஊருக்கே சங்கு ஊதுமாம். எங்கப்பா சொன்னாங்க."

தவசிமுத்துவுக்குச் சிரிப்பு வந்தது. அவரும் சர்க்கரைக்காரர்தான். ஆலைப் புகையைக் கண்காணிக்க ஊர் தேர்ந்தெடுத்து வைத்திருந்த காவல் கண்களில் அவர் இடது கண்ணும் ஒன்று. திரும்பி அந்தக் குட்டியிடம் ஏதோ சொல்ல வாயெடுத்தார்.

அப்போதுதான் அது தெரிந்தது.

வானத்திலிருந்து ஒரு கறுப்பு நூல் இறங்கியது. தண்ணீரில் விட்ட மைத்துளி போல மெல்ல விரிந்து, புகைந்து, கிளை பிரிந்தது. வேன் கண்ணாடியைத் துடைத்துப் பார்த்தார். நூல் போகவில்லை. தலையைத் திருப்பினார். நூலும் கூடவே திரும்பியது.

டாஷ்போர்டிலிருந்த போன் தானாகவே பேசியது. பெண் குரல், இயந்திரக் குரல்.

"தவசிமுத்து அவர்களுக்கு வணக்கம். உங்கள் இடது கண்ணில் ரத்தக் கசிவு பதிவாகியுள்ளது. இன்றைய சங்கு உங்கள் கண்ணால் ஊதப்பட்டது. தயவுசெய்து வாகனம் ஓட்ட வேண்டாம்."

முன் இருக்கைச் சிறுமி தன் பையை மெதுவாக மடிக்கு இழுத்துக்கொண்டு, ஜன்னலோரமாக நகர்ந்து உட்கார்ந்தாள்.

வேறு டிரைவர் வந்து வேனை எடுத்துப் போனதும் தவசிமுத்து நடந்தே வீட்டுக்குக் கிளம்பினார். அவர் போவதற்குள் செய்தி போய்விட்டது. நீலவானம் மின்கல ஆலையின் புகைபோக்கியில் புகை நின்றிருந்தது. பழைய கார் பேட்டரிகளை உருக்கிப் புதியது செய்யும் ஆலை. சங்கு ஊதினால் உலை தானாக அணைந்துவிடும். மறுபடி பற்ற வைக்க வேண்டுமானால் அரசாங்க விசாரணை முடிய வேண்டும். அதுவரை ஷிப்ட் ஆட்கள் வீட்டுக்கு. ஆலை வாசலில் கூட்டமாக நின்ற அத்தனை பேரும் அவரையே பார்த்தார்கள்.

"என்ன அண்ணாச்சி, மஸ்கோத் அல்வாவா, மக்ரூனா?"

"ரெண்டும்னு வச்சிக்கிடுவே. அண்ணாச்சி நாக்குக்கு நமக்கு லீவு!"

சிரிப்பு. தவசிமுத்து தலையைக் குனிந்துகொண்டு நடந்தார். ஐந்து வருஷமாகக் காப்பியில் சர்க்கரை என்பதே கிடையாது அவருக்கு. இதை யாரிடம் போய்ச் சொல்வது?

வீட்டிலும் அதே விசாரணைதான்.

"ஏங்க, நேத்து கல்யாண வீட்ல உங்க இலையில லட்டு இருந்துச்சு. நான் பாத்தேன். எந்திரிக்கும்போது இல்ல. எங்க போச்சு?" கோமு இடுப்பில் கை வைத்து நின்றாள்.

"நான் தின்னலட்டி."

"லட்டுக்குக் கால் முளைச்சுப் போயிட்டா?"

"லட்டை இலையில வச்சிட்டு எந்திரிச்சா பொண்ணு வீட்டுக்காரன் முகம் சுண்டிப்போகும்லா? பக்கத்துல சேவியர் இருந்தான். அவன் இலைக்குத் தள்ளி விட்டேன். அவன் பங்கையும் என் பங்கையும் சேத்துத் தின்னுட்டு ஏப்பம் விட்டான்."

"சேவியர் அண்ணனும் சுகர்தான? அவரு கண்ணும் காவல் கண்ணுதான? அவருக்கு ஏன் ஊதலை?"

தவசிமுத்து சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார்.

உள்ளறைக் கதவருகே மகள் அனுசுயா நின்றிருந்தாள். ஆலையின் சமூகநலப் பிரிவில் வேலை. உலை அணைந்ததால் அவளையும் அனுப்பிவிட்டார்கள். அப்பாவின் முகத்தைப் பார்க்காமல், "ரொம்ப மறைக்குதாப்பா?" என்றாள்.

"கறுப்பா, நூல் நூலா ஓடுது தாயி."

"வலது கண்ணு?"

"அது நல்லா இருக்கு."

அவள் பெருமூச்சு விட்டாள். "மொதல்ல பெரியாஸ்பத்திரிக்குப் போங்க. நான் ஆட்டோ பிடிக்கேன்."

அரசு மருத்துவமனையின் கண் டாக்டர் ரெஹானா ஊருக்குப் புதியவர். போன மாதம்தான் சென்னையிலிருந்து மாறுதலாகி வந்திருந்தார். தவசிமுத்துவின் கண்ணுக்குள் பொருத்தியிருந்த, கசிவையும் சர்க்கரையையும் அளக்கும் காவல் வில்லையின் பதிவுகளைத் திரையில் ஓடவிட்டுக்கொண்டே கேட்டார்.

"லட்டு சாப்பிட்டீங்களா?"

"சத்தியமா இல்லம்மா."

"தெரியும். சும்மா கேட்டேன். ரெண்டு மாசமா உங்க சர்க்கரை ஸ்கேல் வச்சுக் கோடு போட்ட மாதிரி இருக்கு. இவ்வளவு ஒழுங்கா இருக்கிற ஆளை நான் பாத்ததே இல்லை."

தவசிமுத்துவுக்குக் கண் கலங்கியது. காலையிலிருந்து அவரை நம்பிய முதல் ஆள்.

"அப்ப ஏம்மா கசிஞ்சுது?"

"காத்து. இங்க பாருங்க, காலையில நீங்க பாலம் ஏறும்போது தூசி அளவு எங்கே போகுதுன்னு." திரையில் ஒரு கோடு கூரையைத் தொட்டு நின்றது. "இது ஆஸ்பத்திரி மீட்டர், விசாரணையில செல்லாது. சர்க்கரை இருக்கிறவங்களுக்குக் கண்ணுக்குப் பின்னாடி இருக்கிற ரத்தக் குழாய் பழைய வேட்டி மாதிரி, நைஞ்சிருக்கும். ஆலைப் புகையில வர்ற தூசி மாவைவிடப் பொடி. மூச்சு வழியா ரத்தத்துல கலந்து அங்க போய் உறுத்தும். ஏற்கெனவே நைஞ்சது, லேசா உரசினாக்கூடக் கிழியும். மத்தவங்களுக்கு இருமல் வர்றதுக்கு முன்னாடியே உங்க கண் கசிஞ்சிடும். அதனாலதானே உங்களைக் காவலுக்கு வச்சாங்க?"

"ஆமாம்மா. முந்தி கம்பத்துல மீட்டர் வச்சிருந்தாங்க. ஆலைக்காரன் தெனம் லாரியக் கொண்டாந்து மீட்டரைச் சுத்தித் தண்ணியப் பீச்சுவான். தூசி அடங்கிரும். மீட்டர் எப்பவும் பச்சைதான். ஊரே இருமும், மீட்டர் சிரிக்கும். கேஸ் போட்டோம். மனுசன் கண்ணைச் சுத்தித் தண்ணி பீச்ச முடியாதுல்லான்னுதான் கோர்ட்டு இந்த ஏற்பாட்டைச் சொல்லிச்சு."

"நல்ல ஏற்பாடு," என்றார் ரெஹானா. பிறகு திரையைப் பார்த்து நெற்றியைச் சுருக்கினார். "ஆனா ஒண்ணு இடிக்குதே. விதி என்ன? ஒரு கண் கசிஞ்சா சங்கு. அப்புறம் மத்த காவல் கண்களைப் பாக்கணும். அதுலயும் கசிவு இருந்தா காத்து மேல குத்தம். இல்லைன்னா..."

"கண்ணுக்காரன் மேல குத்தம்."

"மத்தவங்க பதிவு எல்லாமே சுத்தமா இருக்கு. ஒரு கண்ல ஒரு பொட்டுக் கசிவுகூட இல்லை. இவ்வளவு தூசியில அது எப்படி? ரெண்டு வருஷமாவே அப்படித்தான் இருக்கு. உங்க கண் மட்டும்தான் அப்பப்ப லேசா கசிஞ்சிருக்கு, சங்கு ஊதற அளவுக்கு இல்லாம. மத்ததெல்லாம் கல்லுல செஞ்ச கண்ணா?"

"நாளைக்குக் காலையில விசாரணையை முடிச்சிருவாங்களாம்மா. என் மேல குத்தம்னு ஆச்சுன்னா?"

டாக்டர் சுற்றி வளைக்கவில்லை. "வில்லையை எடுத்துடுவாங்க. மாசாமாசம் போடற ஊசியும் நின்னுடும். அந்த ஊசி காவல் கண்ணுக்கு மட்டும்தான் வருது, வெளியில கிடைக்காது. ஊசி நின்னா இடது கண் சீக்கிரம் போயிடும். வலது கண்ணும் ரொம்ப நாள் தாங்காது."

வேன், சம்பளம், கோமுவின் முகம், இன்னும் கல்யாணமாகாத மகள். எல்லாவற்றின் மேலும் அந்தக் கறுப்பு நூல் ஊர்ந்தது.

"ஒரு உதவி பண்ணுங்க," என்றார் ரெஹானா. "காவல் கண்காரர் யாராவது ஒருத்தரைக் கூட்டிட்டு வாங்க. பதிவு வேண்டாம். கண்ணையே நான் பாக்கணும்."

பொழுது சாய்கிற நேரத்தில் சேவியர் பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் இருந்தார். ஐஸ் கம்பெனியில் மேஸ்திரி. ஸ்ட்ராங் டீ, டபுள் சர்க்கரை. கையில் மக்ரூன் பொட்டலம். ஒவ்வொன்றாக எடுத்து வாயில் போட்டுக் கரைத்துக்கொண்டிருந்தார்.

"வாரும் வே, சங்கு! உமக்குச் சர்க்கரை இல்லாத டீ சொல்லவா, இல்ல இன்னிக்குத் தலைக்கு மேல போயிட்டுன்னு முழுசாவே குடிக்கீரா?"

"நீ தின்னுதியே, பயமா இல்லையாடே?"

"எனக்கென்ன பயம்? என் கண்ணு இரும்பு. ரெண்டு லட்டு, ராத்திரி பாயசம், இப்ப இது. கசிஞ்சுதா? நீரு பத்தியம் இருந்து என்னத்தக் கண்டீரு?"

"டாக்டரம்மா உன் கண்ணைப் பாக்கணுங்காவ. ஒரு எட்டு வந்துட்டுப் போ."

சேவியரின் வாய் அசைவது நின்றது. "எதுக்கு? நான் வரலை. உம்ம குத்தத்தை என் தலையில கட்டவா? ஆலை நின்னா எம் மவன் வேலை என்னாகும்? போவும் வே."

விருட்டென்று எழுந்தார். இரண்டு எட்டு வைத்தார். கடைக்கு வெளியே, பக்கவாட்டில், ஒரு மோட்டார் சைக்கிள் நின்றது. பட்டப்பகல் இல்லைதான். ஆனால் எல்லாருக்கும் தெரிகிற வெளிச்சம். சேவியர் நேராகப் போய் அதன் மேல் மோதி, வண்டியோடு சாய்ந்தார்.

தவசிமுத்து ஓடிப்போய்த் தூக்கினார். முழங்கால் கிழிந்து ரத்தம் வந்தது. ஆனால் தவசிமுத்து பயந்தது ரத்தத்தைப் பார்த்து அல்ல. சேவியரின் கை அவர் முகத்தைத் தடவிக்கொண்டிருந்தது.

"தவசி... நீயாடே?"

"நாந்தான். தெரியலையா உனக்கு?"

"நேரா பாத்தாத் தெரியும். பக்கத்துல தெரியாது. லைட் போடுற நேரம் ஆச்சுன்னா அதுவும் இல்ல." சேவியரின் குரல் தாழ்ந்தது. "வீட்ல சொல்லலை. சொல்லிராதடே."

கட்டுப்போட வேண்டுமே என்று ஆட்டோவில் ஏற்றியபோது அவர் மறுக்கவில்லை.

ரெஹானா சேவியரின் கண்ணுக்குள் பார்த்தார். பார்த்தவர் அப்படியே நின்றார். கருவியைத் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார். அடுத்த கண்ணையும் பார்த்தார். நிமிர்ந்தபோது அவர் முகத்தில் ரத்தமே இல்லை.

"இதை யார் செஞ்சது?"

"எதை?"

"லேசர். உள்ளே அம்மை போட்ட மாதிரி தழும்பு. ரெண்டு கண்ணுலயும் ஓரத்தை ஒரு இடம் விடாம சுட்டிருக்காங்க!"

"அதுவா," என்றார் சேவியர் சாதாரணமாக. "ஆலைக்காரங்க முகாம் போட்டாங்கல்லாம்மா, ரெண்டு வருஷம் முன்ன. காவல் கண்காரங்களுக்கு மட்டும் இலவசம். நாங்க எல்லாருமே போனோம். தவசியும் வந்தான்."

"என்ன சொல்லிச் செஞ்சாங்க?"

சேவியர் தவசிமுத்துவைப் பார்த்தார். பிறகு தரையைப் பார்த்தார். "இனிமே கசியாதுன்னாங்க. சங்கு ஊதாது, ஊருக்குள்ள ஒருத்தன் உங்களை வாயைக் கட்டாதவன்னு சொல்ல மாட்டான்னாங்க. அந்தப் பேச்சு எப்படி இருக்கும்னு உங்களுக்குத் தெரியாதும்மா. ஒருதடவ என் கண்ணால சங்கு ஊதி, என் மருமவளே எனக்கு முன்னால சீனி டப்பாவைப் பூட்டி வச்சா. பச்சத்தண்ணியக் குடிச்சாலும் பல்லைக் காட்டச் சொல்லுவாங்க. இனி அது இல்லைன்னதும் வரிசையில நின்னு முந்திக்கிட்டுப் போனோம்."

ரெஹானா நாற்காலியில் உட்கார்ந்தார்.

"லேசர் மருந்துதான், இல்லைன்னு சொல்லலை. கண் ரொம்ப மோசமாகி, வேற வழி இல்லாதப்ப, நடுப்பார்வையைக் காப்பாத்தறதுக்காக ஓரத்தைக் கொஞ்சம் சுடுவோம். நானே செய்வேன். ஆனா உங்க கண்ணுக்கு அது தேவையே இருந்திருக்காது. இது வைத்தியம் இல்லை சேவியர். சுட்ட இடத்துல ரத்தக் குழாய் செத்துப் போச்சு. இனி எவ்வளவு புகை வந்தாலும் கசியறதுக்கு அங்க ஒண்ணுமே இல்லை. கூடவே உங்க பக்கப் பார்வையும் போச்சு, மாலைப் பார்வையும் போச்சு."

சேவியர் தன் கண்களை இரண்டு கைகளாலும் பொத்திக்கொண்டார்.

"கம்பத்து மீட்டருக்குத் தண்ணி," என்றார் தவசிமுத்து. "எங்க கண்ணுக்கு நெருப்பு."

"எத்தனை பேரு..." சேவியர் முணுமுணுத்தார். "பிச்சம்மா அத்தை போன வாரம் கெணத்தடியில விழுந்துச்சு. வயசாயிட்டுன்னு சிரிச்சோம். லாரி ஷெட்டு காதர் பாய் வண்டி ஓட்டுறதையே விட்டுட்டாரு. எல்லாம் இதுதானா? எல்லாருமேயா?"

ரெஹானா தவசிமுத்துவின் பக்கம் திரும்பினார்.

"நீங்களும் முகாமுக்குப் போனீங்களா?"

"போனேம்மா. சொட்டு மருந்து விட்டு நாற்காலியில படுக்க வச்சாங்க. ஒண்ணும் தெரியலை. ஒரே மங்கல். மெஷின்ல மாஸ்க் போட்டு இருந்த ஆளு வாயே திறக்கலை. பச்சை வெளிச்சம் மட்டும் பளீர் பளீர்னு அடிச்சுது. கூட நின்னவன் முடிஞ்சுது எந்திரிங்கன்னான். வலிச்சுதான்னு வெளிய கேட்டாங்க. எனக்கு வலிக்கலைன்னேன்."

"எனக்கு உயிர் போச்சு," என்றார் சேவியர்.

"உங்க கண்ல ஒரு தழும்புகூட இல்லை, தவசிமுத்து. காலையிலேயே பாத்துட்டேன். லேசர் பட்ட சுவடே இல்லை."

"மெஷின் மக்கர் பண்ணிருக்குமோ?"

"உங்க ஒருத்தருக்கு மட்டுமா? அப்படித் தெரியலை. என்னவோ ஒரு அதிர்ஷ்டம், விடுங்க. காவல் கண்கள்ல மிஞ்சினது உங்களது ஒண்ணுதான். விசாரணை அதிகாரிகிட்ட நான் இப்பவே பேசறேன். மத்த எல்லாரையும் நாளைக்குக் காலையிலேயே வரவச்சுப் பாத்துடறேன். அவர் உங்களைக் கூப்பிடுவார். நடந்ததை அப்படியே சொல்லுங்க. உங்க வாக்குமூலம்தான் முதல் சாட்சி. அதை வச்சுத்தான் ஆலை மேல வழக்கு நிக்கும், உங்க ஊசியும் நிக்காம இருக்கும்."

தவசிமுத்து வீட்டுக்கு வந்தபோது விளக்கு போட்டிருந்தார்கள். நடந்ததைச் சொல்லச் சொல்ல கோமு வாயைப் பொத்திக்கொண்டாள். காலையில் தான் கேட்ட லட்டுக் கேள்வி நினைவுக்கு வந்திருக்க வேண்டும். எழுந்து வந்து, அவர் தோளில் கை வைத்தாள்.

"பாவிகளா! மனுசக் கண்ணு! காடையா, கவுதாரியா சுட்டுத் தள்ளுறதுக்கு? அதைச் செஞ்ச கை விளங்குமா?"

"விளங்கக் கூடாது," என்றார் தவசிமுத்து. "மொதலாளியை விடு. அவன் எங்கயோ ஏசியில இருக்கான். நம்மூர் சனத்தை நாற்காலியில படுக்க வச்சு, கண்ணைத் திறக்க வச்சு, வரிசையா சுட்டாம்பாரு ஒருத்தன். பிச்சம்மா அத்தையைச் சுட்டாம்பாரு. அவன் பேரு எனக்குத் தெரியணும். ஜெயிலுக்கு அனுப்பாம நான் சோறு திங்க மாட்டேன்."

சுவரோரமாகக் காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்த அனுசுயா நிமிர்ந்தாள். "முகாம்ல டாக்டர்னு ஒருத்தர் வந்தாருப்பா. கையெழுத்து மட்டும் போட்டுட்டு ஏசி ரூம்ல இருந்தாரு."

"நீ அங்கதான இருந்த? டோக்கன் கொடுத்தேன்னு சொன்னியே. மெஷின்ல யாரு உக்காந்திருந்தாங்கன்னு ஞாபகம் இருக்கா தாயி?"

அவள் பதில் சொல்வதற்குள் போன் அடித்தது. விசாரணை அதிகாரி. தவசிமுத்து ஸ்பீக்கரில் போட்டு, போனை நடுவில் தரையில் வைத்தார். மூன்று பேரும் அதைச் சுற்றி உட்கார்ந்தார்கள்.

"டாக்டர் பேசினாங்க. நீங்க சொல்றது எல்லாம் பதிவாகுது, சரிங்களா? நிதானமா சொல்லுங்க."

தவசிமுத்து சொன்னார். முகாம், சொட்டு மருந்து, பச்சை வெளிச்சம், சேவியர் விழுந்தது, தழும்புகள். குரல் ஓரிடத்திலும் தடுமாறவில்லை. கோமு விசும்பிக்கொண்டிருந்தாள். எல்லாம் முடிந்ததும் அதிகாரி தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"ரொம்ப முக்கியமான சாட்சி இது. ஆலையோட தப்பு என்னன்னு இனி யாரும் மறைக்க முடியாது. ஒரே ஒரு கேள்விதான் பாக்கி. ஆலைத் தரப்புல இதெல்லாம் கட்டுக்கதைம்பாங்க. கருவியில கை வச்ச ஆள் சிக்கினாத்தான் யார் உத்தரவு போட்டாங்கன்னு மேல போக முடியும். முகாம்ல லேசர் கருவியை இயக்கின நபர் யாருன்னு உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியாதுங்க சார். ஆனா கண்டுபிடிச்சே தீருவேன்."

"தெரியும் சார்."

அனுசுயா முழங்காலில் நகர்ந்து வந்திருந்தாள். போனை நோக்கிக் குனிந்தாள். அப்பா பக்கம் திரும்பவில்லை.

"யாரும்மா பேசறது? பேரைத் தெளிவா சொல்லுங்க."

"அனுசுயா, சார். தகப்பன் பேரு தவசிமுத்து. அவரு ஒருத்தர் கண்ணை மட்டும் சுட எனக்கு மனசு வரலை."